கடைசி வீடு முப்பத்தொன்று

செய்தி மதியம் ஒன்று இருபதுக்கு வந்தது. பெட்டியோடு சேர்ந்து வந்தது.

ஆய்வுக்கூடத்தின் பின்பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கண்ணாடியை ஒரு பக்கமாகத் தள்ளித் திறக்கலாம். வெளியிலிருந்து பெட்டியை உள்ளே வைப்பதற்கென்றே வைத்த ஜன்னல். தலையை நீட்டினால் காது இடிக்கும். அதற்கு உள்பக்கம் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள், வரும் டப்பாக்களை எண்ணி வாங்கிப் பதிவு செய்து, அவற்றில் எந்த வைரஸ் இருக்கிறது, அது எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறவள். தினமும் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக அந்தக் கண்ணாடியில் இரண்டு தட்டு விழும். அதைத் தொடர்ந்து, "என்ன ஜன்னல், சாப்பிட்டியா?" என்று ஒரு குரல் வரும்.

அன்றைக்கு மூன்று தட்டு விழுந்தது. தள்ளித் திறந்தால் ஆய்வுக்கூடத்து வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். நீலப் பெட்டியை இரண்டு கையாலும், தூங்குகிற குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"டப்பா அக்கா இறந்துட்டாங்கம்மா," என்றார். "கடைசி வீட்டுப் படிக்கட்டுல உக்காந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். பெட்டியை வாங்கினாள். அதன் தோள்பட்டை வார் இன்னும் ஈரமாக இருந்தது.

"அந்த வீட்டுப் பொண்ணுதான் என்னைக் கூப்பிட்டுச்சு," என்று டிரைவர் தொடர்ந்தார். "அழுதுக்கிட்டே பெட்டியை நீட்டுச்சு. ஐஸ் உருகறதுக்குள்ள ஜன்னல்ல குடுத்துடுங்க, லேட்டானா அக்கா திட்டுவாங்கன்னு சொல்லுது. யார் திட்டுவாங்க இனிமே? ஆனா பாருங்க, நானும் வேகமாத்தான் வந்தேன்."

கண்ணாடியை மூடியபின் அறை பழையபடி ஆயிற்று. ஃப்ரீசர்கள் நான்கும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. உள்ளே வெயில் வராத அறை அது. எந்நேரமும் ஒரே வெள்ளை வெளிச்சம். அதில் காலையும் மாலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மதியம் என்ற ஒன்று அங்கே இருந்ததே அந்த இரண்டு தட்டினால்தான்.

*

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. இந்த வேலைக்கு வருமுன் பத்தொன்பது வருஷம் ஒரு சினிமா தியேட்டரில் டார்ச் அடிக்கிற வேலை பார்த்தவர். படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களை இருட்டில் அழைத்துப்போய் இருக்கையில் உட்கார வைப்பது. யார் காலையும் மிதிக்காமல், யார் முகத்திலும் வெளிச்சம் படாமல் நடக்க வேண்டும். தியேட்டரை மூடி மூட்டை அடுக்குகிற இடமாக்கியபோது, குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்றுக்கு வீடு வீடாகப் போக ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தார். நேர்காணலில், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்களாம். "எண்ணைச் சொன்னா ஆளைக் கண்டுபிடிச்சுக் கொண்டுபோய் உக்கார வைக்கத் தெரியும்," என்றாராம். சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது.

வேலை இதுதான். நாற்பது குழந்தைகள், பிறந்த வாரத்திலிருந்து மூன்று வயது வரை. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒரு தடவை போய், குழந்தை நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சிட்டிகை மலத்தை மூடியில் கரண்டி வைத்த சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே ஒரு தடவை கூடுதல். டப்பாவின் மேல் சீட்டு ஒட்டி, குழந்தையின் எண், எத்தனையாவது வருகை, தேதி, நேரம் நான்கையும் எழுத வேண்டும். வயிற்றைக் கலக்கும் வைரஸ் ஒரு குழந்தைக்கு எத்தனை தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் அதே வகையா, வேறா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு.

"பத்தொன்பது வருஷம் ஜனங்களை உள்ளே கொண்டுபோய் உக்கார வெச்சேன்," என்பார் ஜன்னலில் கை ஊன்றி. "இப்ப அவங்க பெத்ததுங்க உள்ளேருந்து வர்றதைத் தூக்கிட்டு வர்றேன். பதவி உயர்வுதானே?"

குழந்தைகளின் பெயரை ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சொல்லக்கூடாது; எண் மட்டும்தான். அக்கா விதியை மீறவில்லை. பட்டப்பெயர் வைத்துவிட்டார். பதினேழு, பந்து. இருபத்திரண்டு, மாமியார், பிறந்ததிலிருந்து முகத்தைச் சுளித்தே வைத்திருக்கிறதாம். முப்பத்தொன்று, வழுக்கை, ஒரு வயது ஆகியும் தலையில் நாலு முடிதான். முப்பத்திரண்டு, வாயாடி. அதே கட்டிடத்தில் வழுக்கைக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் இருக்கிற பெண் குழந்தை. மேல் வீட்டு ஜன்னலிலிருந்து கீழ் வீட்டு ஜன்னலுக்கு ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் நுனியில் மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. காலையில் வாத்து கீழே இறங்கி வாயாடியின் வாய்க்குப் போகும். மாலையில் மேலே ஏறி வழுக்கையின் வாய்க்குப் போகும்.

"கழுவறாங்களா அக்கா?"

"வாத்தையா? அது நீந்திக்கிட்டேதானே இருக்கு, எச்சில்ல."

அவள் அந்தத் தெருக்களைப் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒன்றிலிருந்து நாற்பது வரை கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள். தையல்கடையைத் தாண்டி ஒன்று, இரண்டு. தண்ணீர்த் தொட்டி முனையில் ஒன்பது. சைக்கிள் கடை மாடியில் பதினாறு. மதிய நேரத்தில், வைரஸைத் தேடும் இயந்திரம் ஓடி முடியக் காத்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில், அவளுக்கு அரைத்தூக்கம் போல வரும். அப்போது அந்தத் தெருவில் போவாள். ஒவ்வொரு வாசலிலும் முகமில்லாத ஒரு குழந்தை நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறம் இருக்கும். வைரஸின் வகைகளுக்கு நீளமான பெயர்களும் எண்களும் உண்டு. அவள் தன் வசதிக்கு அவற்றைப் பென்சில் நிறங்களாக வைத்திருந்தாள். கட்டம் போட்ட ஒரு பெரிய தாளில், எண் வரிசையில் நாற்பது வரிகள். வாரத்துக்கு ஒரு கட்டம். வைரஸ் தென்பட்ட வாரத்துக்கு நிறம். முப்பத்தொன்றின் வரியில் ஒரு வயது பத்து மாதத்துக்குள் ஐந்து நிறங்கள் விழுந்திருந்தன: நீலம், பச்சை, சிவப்பு, ஊதா, மஞ்சள். ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. ஒரு வகையோடு மோதித் தேறிய உடம்புக்கு அடுத்த வகையின் முகம் தெரியாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாளில் பார்த்தால் அது அழகாகக்கூட இருக்கும். பெற்றவளுக்கு அப்படி இருக்காது.

*

நாலு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை முப்பத்தொன்றுக்கு ஐந்தாவது தடவை வந்தது. சனிக்கிழமை முப்பத்திரண்டுக்கு வந்தது. அடுத்த வியாழன் அக்கா போனபோது, வழுக்கையின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாளாம். அன்று மதியம் இரண்டு தட்டு கேட்டது, "சாப்பிட்டியா" கேட்கவில்லை. அக்கா பெட்டியை வைத்துவிட்டு நின்றார்.

"ஜன்னல், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. நான்தான் சுமந்துட்டுப் போறேனா?"

"எதை?"

"எதையா? அதைத்தான். அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஒரு மாசம் அவங்க அம்மா வீட்டுல இருந்தாங்களாம், ஒண்ணுமே வரலையாம். திரும்பி வந்த வாரமே வந்துடுச்சாம். 'நீங்க நாப்பது வீட்டுல அதைத் தொட்டுட்டு எங்க வீட்டுக்கு வர்றீங்க அக்கா, தப்பா நெனைக்காதீங்க, இனிமே மேல வராதீங்க'ன்னுச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு. திட்டியிருந்தா பரவாயில்ல."

"கையுறை போடறீங்க, சோப்பு போடறீங்க. அப்புறம் என்ன அக்கா?"

"அது சரி. ஆனா உனக்குத்தான் எது எங்கேருந்து எங்கே போச்சுன்னு தெரியுமே. ஒரே வகை வரிசையா என் பின்னாலயே வந்தா அது நான்தான். பாத்து சொல்லு. ஆமான்னா ஆமான்னு சொல்லு. நான் நின்னுக்கறேன்."

"பாத்துட்டுச் சொல்றேன் அக்கா."

திங்கட்கிழமைக்குள் பார்த்துவிட்டாள். அக்கா தொடங்கிய நாளிலிருந்து வந்த நிறங்களை எண் வரிசையில் தொடர்ந்து பார்த்தாள். நிறங்கள் மனம்போனபடி சிதறிக் கிடந்தன. பந்துக்கு நீலம் வந்த வாரம் அக்கம்பக்கம் எல்லாம் வெள்ளை. மாமியாருக்கு மூன்று தடவை, மூன்று நிறம், முன்னும் பின்னும் யாருக்கும் அது இல்லை. அவளுக்கு உள்ளுக்குள் பாரம் இறங்கிக்கொண்டே வந்தது, முப்பத்தொன்றுக்கு வரும்வரை. அங்கே வியாழக்கிழமை மஞ்சள். அதற்கடுத்த வரியில், முப்பத்திரண்டில், சனிக்கிழமை மஞ்சள். வியாழன் என்பது இருபத்தைந்திலிருந்து முப்பத்திரண்டு வரைக்கான நாள். முப்பத்தொன்றிலிருந்து இறங்கி நேராக முப்பத்திரண்டு. அந்த வைரஸ் உடம்புக்குள் போய் இரண்டு நாளில் தலைகாட்டும். கணக்கு அப்படியே பொருந்தியது.

ஒரே ஒரு ஜோடிதான். அது அந்த வீடாகவா இருக்க வேண்டும்?

"பாத்தியா?" என்று அக்கா கேட்டார், செவ்வாய்க்கிழமை.

"இன்னும் ரெண்டு டப்பா பாக்கணும் அக்கா."

"பாத்தியா?" என்று வெள்ளிக்கிழமை கேட்டார்.

"இயந்திரத்துல வேற வேலை ஓடுது."

அதற்கப்புறம் அக்கா கேட்கவில்லை. இருட்டில் வந்து நிற்பவருக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் டார்ச்சை அணைத்துவிட்டு ஓரமாக நிற்கச் சொல்வாராம். அதுபோல அவரே ஓரமாக நின்றுகொண்டார். "சாப்பிட்டியா ஜன்னல்?" மட்டும் திரும்பி வந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் வருகிற முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அவள் அதை நினைத்துக்கொண்டாள். பதினேழு நாள் அந்த விதிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

*

செய்தி வந்த மதியம் அவளால் எழுந்து போக முடியவில்லை. ஐஸ் உருகிவிடும். பெட்டியைத் திறந்து எட்டு டப்பாக்களையும் எடுத்தாள். வழக்கம்போல எண் வரிசையில் தட்டில் அடுக்கினாள். பதினொரு வருஷப் பழக்கம். டப்பா எப்படி வந்தாலும் கை தானாகவே வரிசைப்படுத்திவிடும். இருபத்தைந்து, இருபத்தாறு என்று சீட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அக்காவின் எழுத்து பெரிய எழுத்து, இருட்டிலும் படிக்கிற மாதிரி. முப்பத்தொன்றில் நின்றாள்.

எண் இருந்தது. வருகை தொண்ணூற்று ஒன்பது என்று இருந்தது. தேதி இருந்தது. நேரம் எழுதுகிற கட்டத்தில் பேனா தொட்ட ஒரு புள்ளி இருந்தது. அவ்வளவுதான்.

கணினி அந்தப் பதிவை ஏற்கவில்லை. நேரம் இல்லாமல் ஏற்காது. மற்ற டப்பாக்களைப் பார்த்து ஊகிக்கலாம் என்று நினைத்தாள். முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரம். அதைப் போட்டால் போகிறது. முப்பதின் சீட்டைப் பார்த்தாள்: 10.35. முப்பத்திரண்டின் சீட்டைப் பார்த்தாள்: 7.50.

தப்பாக எழுதிவிட்டாரோ என்று முதலில் நினைத்தாள். உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், கை தடுமாறியிருக்கும். எல்லாச் சீட்டையும் நேரப்படி வைத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டு முதலில். பிறகு இருபத்தைந்து, இருபத்தாறு என்று முப்பது வரை. முப்பத்தொன்று எங்கும் இல்லை. அது எல்லாவற்றுக்கும் அப்பால், நேரமில்லாமல் இருந்தது.

பழைய பதிவுகளைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எண்ணைப் பார்த்திருக்கிறாள், தேதியைப் பார்த்திருக்கிறாள். நேரத்தைக் கணினிக்கு ஊட்டியிருக்கிறாள், படித்ததில்லை. இப்போது படித்தாள். சாதாரண வாரங்களில் எண்களும் நேரங்களும் ஒன்றாகவே ஏறின. ஏதாவது ஒரு குழந்தைக்கு வயிறு கெட்டிருந்த நாளில் மட்டும் வரிசை குலைந்திருந்தது. அந்தக் குழந்தையின் எண் எதுவாக இருந்தாலும் நேரம் கடைசியில் இருந்தது. பந்துக்கு நீலம் வந்த நாளில் பதினேழு கடைசி. மாமியாரின் மூன்று தடவையும் இருபத்திரண்டு கடைசி. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

காலை ஏழு மணிக்கு அக்கா அன்றைக்குப் போகிற எட்டு வீட்டு அம்மாக்களுக்கும் போன் போடுவார் என்பது அவளுக்குத் தெரியும். அரட்டை என்று நினைத்திருந்தாள். "எட்டுப் பொண்ணுங்ககிட்டயும் வயிறு எப்படின்னு கேட்டுட்டுத்தான் காப்பி குடிப்பேன்," என்று அக்கா சொன்னபோது சிரித்திருக்கிறாள். யாருக்குச் சரியில்லையோ அந்த வீட்டைக் கடைசியில் வைத்துவிட்டு, அதே கட்டிடத்தில் நன்றாக இருக்கிற குழந்தையை முதலிலேயே முடித்துவிட்டு, அங்கிருந்து வேறெந்த வாசலும் ஏறாமல் நேராக இந்த ஜன்னலுக்கு வருவதற்காகத்தான் அந்தப் போன். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விதிப் புத்தகத்தில் இல்லை. அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நாலு வாரத்துக்கு முந்தைய அந்த வியாழன். அவள் விரல் திரையில் இறங்கி நின்றது. முப்பத்திரண்டு: 7.55. முப்பத்தொன்று: 12.20.

வாயாடியை அக்கா தொட்டது காலையில், கையில் எதுவும் படுமுன். மஞ்சளைத் தொட்டது நண்பகலில். அதற்கப்புறம் சனிக்கிழமை வாயாடிக்கு உடம்பு சரியில்லை என்று கூப்பிடும்வரை அந்த வாசலில் அவர் கால் வைக்கவே இல்லை. இரண்டு நாளும் மேலும் கீழும் போய்வந்தது வாத்து மட்டும்தான்.

பதில் 'இல்லை'. பதினேழு நாளும் அதுதான் பதிலாக இருந்திருக்கிறது.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை. மறுபடி மூடினாள்.

*

மறுநாள் காலை விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் புறப்பட்டாள். அந்த வீடு நாற்பது வீடுகளும் இருக்கிற பகுதிக்கு அந்தப் பக்கம். முதல் தடவையாக அந்தத் தெருக்களில் நடந்தாள். கனவில் பலமுறை வந்த இடத்துக்கு நிஜத்தில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எல்லாம் இருந்தது, எல்லாமே கொஞ்சம் இடம் மாறி இருந்தது. தையல்கடை அவள் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம். தண்ணீர்த் தொட்டி இவ்வளவு உயரம் என்று அக்கா சொல்லவில்லை. சைக்கிள் கடை மாடியில் ஒரு குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது. பதினாறு, என்று நினைத்துக்கொண்டாள். போன வருஷம் பச்சை.

அக்காவின் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கணவர் அச்சகத்தில் இரவு வேலை பார்க்கிறவர். பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தான் யாரென்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஜன்னலா? நீங்கதானாம்மா அது? நான் நெஜமாவே ஜன்னல்னு நெனச்சிருந்தேன். தினமும் ஜன்னல்கிட்டப் பேசிட்டு வந்தேன்னு சொல்லுவா. வயசாகுது, செவுத்தோட பேசுறான்னு நானும் விட்டுட்டேன்." சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"எங்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தாங்க," என்றாள் அவள்.

"என்னென்னவோ யோசனையாத்தான் இருந்தா ஒரு மாசமா. பெட்டி வாரை ரெண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவுவா. செருப்பைக் கழுவுவா. அப்புறம் இன்னொரு ஜோடி வாங்கினா, உடம்பு சரியில்லாத வீட்டுக்குன்னு. பையில போட்டுத் தூக்கிட்டுப் போவா. நான் கிண்டல் பண்ணேன், ரெண்டு காலுக்கு நாலு செருப்பாடின்னு." அவர் தரையைப் பார்த்தார். "நேத்து படியில உக்காந்ததே செருப்பு மாத்தத்தான். ஒரு கால்ல மாத்தியிருந்தா."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து சுவரோரமாக நின்றாள். குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தது. தலையில் நாலே நாலு முடி. கையில் வாத்து.

அந்தக் குழந்தையின் உள்ளே நடப்பதையெல்லாம் தொண்ணூற்றெட்டுத் தடவை பார்த்தவள் அவள். முகத்தை இப்போதுதான் பார்த்தாள். கண் பெரிய கண். கன்னம் சற்று வாடியிருந்தது. வாத்தின் அலகைச் சப்பிக்கொண்டிருந்தான்.

எழுந்து போய், "இப்ப எப்படி இருக்கான்?" என்றாள்.

"தேவலை. காலையில கஞ்சி குடிச்சான். நீங்க?"

"டப்பா வர்ற இடத்துல இருக்கேன். ஜன்னல்."

அந்தப் பெண்ணின் முகம் கோணிற்று. "நான்தான் அவங்களை மேல வராதீங்கன்னேன். தெரியுமா உங்களுக்கு? ரெண்டு வியாழக்கிழமையும் கீழயே நின்னு கூப்பிடுவாங்க. நான் டப்பாவை வாத்துக் கயித்துல கட்டி இறக்குவேன். 'சரக்கு வந்துடுச்சு, ஏத்திக்க'ன்னு சிரிச்சுக்கிட்டேதான் வாங்குவாங்க. நேத்துக் காலையில இவன் தலை நிக்காம துவண்டுட்டான். எனக்கு வேற யாரும் ஞாபகம் வரலை. நானே போன் பண்ணி அக்கா மேல வாங்கன்னு அழுதேன்."

"வந்தாங்களா?"

"உடனே டாக்டர்கிட்டக் காட்டுன்னாங்க. காட்டினேன். உப்புச் சர்க்கரைத் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்கன்னார். திரும்பி வந்தா வாந்தி எடுக்கறான், உள்ளேயே நிக்கலை. மத்த வீடெல்லாம் முடிச்சுட்டு அக்கா வந்தாங்க. மடியில போட்டு, ஒரு ஸ்பூன், ஒரு நிமிஷம், ஒரு ஸ்பூன்... எவ்வளவு நேரம்னு தெரியலை. உள்ள தங்குச்சு. அவங்க புடவையிலயே மூத்திரம் போனான். 'வந்துட்டான்டி, தண்ணி ஏறிடுச்சு, இனிமே பயமில்ல'ன்னாங்க. அப்புறம் அவங்க வேலையைப் பாத்துட்டு இறங்கினாங்க. நான் கதவைச் சாத்தலை. படியில ஏதோ சாயற சத்தம் கேட்டுச்சு."

வாத்து கை நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். கொடுக்குமுன் கைக்குட்டையால் துடைத்தாள். துடைத்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றிற்று.

"சொல்லக்கூடாது. ஆனா சொல்றேன்," என்றாள். "இவனுக்கு அஞ்சு தடவை வந்துச்சே, அஞ்சும் வேற வேற வகை. ஒண்ணு போயி இன்னொண்ணு புதுசா வருது. சின்னதுங்க எல்லாத்துக்கும் இப்படித்தான், வரிசையா ஒவ்வொண்ணாப் பழகணும். உங்க அம்மா வீட்டுல இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா அங்கேயும் ஏதாவது வந்திருக்கலாம். அக்கா கொண்டுவந்ததுக்கு ஒரு தடயமும் இல்ல. நான் எல்லா நாளையும் பாத்துட்டேன். சரியில்லாத குழந்தை வீட்டுக்குக் கடைசியிலதான் போயிருக்காங்க. எப்பவும்."

அந்தப் பெண் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அக்காவுக்குத் தெரியுமா இது?"

"கடைசியில போனது அவங்களுக்குத் தெரியும். அதனால இல்லன்னு ஆகுதுன்னு நான்தான் சொல்லணும். கேட்டாங்க. நான் தப்பாப் பாத்துட்டு, சொல்லாம இருந்துட்டேன்."

"நானும்தான்," என்றாள் அந்தப் பெண். "மடியில இவனை வெச்சிருந்தப்ப மன்னிச்சுக்கங்கன்னு சொல்லணும்னு நெனச்சேன். ஸ்பூனையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

இரண்டு பேரும் சுவரோரமாக நின்றார்கள். குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் கேட்காமலே, ஈரமான வாத்தை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள், திருப்பிக் கொடுத்தாள், மறுபடி நீட்டினான்.

கிளம்பும்போது நினைவு வந்து கேட்டாள்: "அக்கா டப்பாவுல எடுத்தப்ப மணி என்ன இருக்கும்?"

அந்தப் பெண் யோசித்தாள். "பதினொண்ணரை? இல்ல, எதிர் வீட்டுல குழந்தையைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வந்துட்டாங்க. பன்னெண்டு பத்தா? தெரியலைங்க. நான் கடிகாரம் பக்கமே திரும்பலை."

*

திங்கட்கிழமை முப்பத்தொன்றின் டப்பாவை இயந்திரத்தில் ஏற்றினாள். ஓடி முடிய ஒன்றரை மணி நேரம். அரைத்தூக்கத்தில் தெரு வந்தது. இந்தத் தடவை தையல்கடை சரியான பக்கத்தில் இருந்தது. தொட்டி உயரமாக இருந்தது. குழந்தைகள் எண் வரிசையில் நிற்கவில்லை. ஒரு டார்ச் வெளிச்சம் தரையில் வட்டமாக முன்னால் போயிற்று. நன்றாக இருந்தவர்களின் வாசல்களில் முதலில் நின்றது. முகத்தில் படாமல், காலை மிதிக்காமல் ஒவ்வொன்றாகக் கடந்து, படியேறி, கடைசியில் நாலு முடி உள்ள ஒரு தலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

வகை தெரிந்தது. அதுவும் புதுசுதான், நாற்பது பேரில் யாருக்கும் இதுவரை வராதது. பென்சில் பெட்டியில் மீதி இருந்தது பழுப்பு. தாளில் முப்பத்தொன்றின் வரியில் ஆறாவது நிறமாக அதைத் தீட்டினாள்.

அக்காவின் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு வேலையை விளக்கும்போது, காலை ஏழு மணிப் போனையும் கடைசி வீட்டையும் முதல் இரண்டு வரியாக எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி திரையில் முடியாமல் நின்ற பதிவைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டுன்னு போட்டு முடிங்களேன், யார் கேக்கப்போறாங்க?" என்றார். சரி என்று தலையாட்டினாள்.

இன்றோடு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. காலையில் கணினியைத் திறந்ததும் மேல் ஓரத்தில் ஒரு வரி வருகிறது: நிறைவு செய்யாத பதிவு, ஒன்று. எண் முப்பத்தொன்று, வருகை தொண்ணூற்று ஒன்பது. நேரக் கட்டம் காலியாக இருக்கிறது.